வழிப்போக்கர் தலைசாய்த்த தெருக்கள்



ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையைப் பற்றி எழுதுவர். அரண்மனையைப் பற்றி எழுதுவர். துறைமுகத்தில் வந்து இறங்கிய பட்டையும் மிளகையும் கணக்கெடுத்துச் சொல்வர். ஆனால் கையில் காசு குறைந்த ஒருவன் மாலை மயங்கும் வேளையில் அந்த ஊருக்குள் வந்து சேர்ந்தால், அன்றிரவு அவன் எங்கே படுத்தான், எதை உண்டான், விடிந்ததும் யாரிடம் வேலை கேட்டான் என்ற கேள்விக்கு அந்த நூல்களில் விடை தேடுவது கடினம். இந்த உரையில் அந்த மனிதனைப் பின்தொடர்ந்து சிறிது தூரம் செல்வோம். அவன் வணிகனாக இருக்கலாம், யாத்திரிகனாக இருக்கலாம், கூலி தேடி வந்தவனாக இருக்கலாம், ஊர் சுற்றிப் பார்க்கவே புறப்பட்டவனாகவும் இருக்கலாம். பணம் குறைவு என்பதுதான் இவர்கள் அனைவருக்கும் பொது.

தமிழில் 'பரதேசி' என்றொரு சொல் உண்டு. வேற்று தேசத்தவன் என்பதே அதன் முதற்பொருள். பழங்காலத்தில் தூர தேசங்களிலிருந்து வந்த பெருவணிகர்களையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். இன்று அதே சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான் வரும். சொல்லின் பொருள் இப்படிச் சரிந்ததிலேயே நமது கதையின் பாதி அடங்கியிருக்கிறது.

முதலில் நமது மலாக்காவிலிருந்தே தொடங்குவோம். பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா ஒரு பெருந்துறைமுகமாக வளர்ந்ததற்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய்விரித்து வந்த இந்தியக் கப்பல்கள், வடகிழக்குப் பருவக்காற்று எழுந்த பிறகே திரும்ப முடியும். சீனக் கப்பல்களின் கணக்கு இதற்கு நேர்மாறானது. செங் ஹோவின் பெருங்கப்பற்படையுடன் பயணம் செய்த மா ஹுவான், சீனர்கள் இங்கே மதிலெழுப்பிப் பண்டசாலைகள் கட்டிச் சரக்கைச் சேர்த்து வைத்ததையும், ஐந்தாம் மாதத்தில் தென்காற்று சீரானதும் புறப்பட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். ஆக, மலாக்காவுக்கு வந்தவர் எவராயினும் சில மாதங்களேனும் இங்கே தங்கியே தீரவேண்டும். செல்வந்தருக்குச் சொந்தக் கிடங்கும் வீடும் இருந்தன. கப்பலோட்டிகளும், சுமை தூக்குவோரும், தலைச்சுமையாகத் துணி கொண்டுவந்து விற்ற சிறு வணிகரும் காற்று திரும்பும் வரை என்ன செய்தார்கள்?

தத்தம் இனத்தாரை அண்டி வாழ்ந்தார்கள் என்பதே விடை. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியரான தோமே பிரெஸ், இங்கு நான்கு ஷாபந்தர்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஷாபந்தர் என்றால் துறைமுக அதிகாரி. குஜராத்தியருக்கு ஒருவர், தமிழ் வணிகர், வங்காளத்தார், பெகு, பாசாய் நாட்டினருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டவர் முதலியோருக்கு ஒருவர். வந்திறங்கும் வணிகர்களைக் கவனிப்பதும், அவர்களுக்கு இருப்பிடமும் கிடங்கும் கிடைக்கச் செய்வதும் இவர்களது பொறுப்பில் அடங்கும். ஊருக்குப் புதியவன் எந்தத் தெருவில் யாரைக் கேட்பது என்பது இப்படி முன்பே முடிவாகியிருந்தது.

காத்திருந்த காலத்தில் சிலர் இங்கேயே மணம் புரிந்துகொண்டார்கள். மலாக்காச் செட்டிகள் என்று நாம் அறிந்த சமூகம் அவ்வாறு தமிழ் வணிகருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்களே. மலாய் மொழி பேசிக்கொண்டே மாரியம்மனுக்குப் பொங்கலிடும் அந்தக் காஜா பெராங் கிராமத்தாரை, காற்றுத் தாமதித்ததால் பிறந்த சமூகம் என்று சொன்னாலும் பொருந்தும். தங்கவந்தவர் எல்லோரும் கிளம்பிவிடுவதில்லை.

இனி, அந்தத் தமிழ் வழிப்போக்கன் புறப்பட்ட இடத்தில் அவனுக்கிருந்த ஏற்பாடு என்ன என்று பார்ப்போம். அங்கே சத்திரம் இருந்தது. மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்ற பெயரை இன்றும் காணலாம். இராணி மங்கம்மாள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்டவர். சாலை போட்டதற்கும் சத்திரம் கட்டியதற்கும் பெயர் பெற்றவர். இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராத்திய மன்னர்களும் சத்திரங்களை எழுப்பினார்கள். காசியிலிருந்து இராமேசுவரம் வரை நடந்தே செல்லும் யாத்திரிகருக்கு அவை இல்லாவிட்டால் பயணமே இல்லை.

இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதற்கு அரியதொரு சான்று உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ஆம் ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம்தான் அது. 1799 உடன்படிக்கையின்படி நாட்டின் நிருவாகம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. சத்திரங்களும் அவற்றின் மானிய நிலங்களும் பறிபோய்விடக்கூடாதே என்ற கவலையில் மன்னர் விரிவாக எழுதுகிறார். பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை எந்தச் சாதி வழிப்போக்கருக்கும், எந்தச் சமயத்து யாத்திரிகருக்கும் சோறு உண்டு என்கிறார். சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் மிளகும் பிற பொருள்களும் தரப்படும். நள்ளிரவு வரை அன்னம் வழங்கிய பின், மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்கள். வழியில் நோயுற்றவர்க்கு மருந்து, இறந்தவர்க்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு, பெற்றோரை இழந்த வழிப்போக்கரின் பிள்ளைகளுக்குக் கல்வி, கைக்குழந்தைகளுக்குப் பால். கருவுற்ற பெண்களுக்கும் தனிக் கவனிப்பு.

மன்னர் தம் குடும்பத்துத் தருமத்தைச் சற்றுப் பெருமையாகவே எழுதியிருப்பார் என்று நினைக்க இடமுண்டு. உண்ணும் பந்தியிலும் படுக்கும் இடத்திலும் அக்காலத்துச் சாதி வேறுபாடு இருந்தே இருக்கும். கடிதம் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் 'உண்ணாதவர் உண்டா' என்று நள்ளிரவில் கேட்கும் அந்த வழக்கம், பணமில்லாத பயணியைக் குற்றவாளியாகப் பார்க்காத ஒரு காலத்தைக் காட்டுகிறது. ஒரத்தநாட்டில் அவர் முத்தம்பாள் பெயரில் கட்டிய பெருஞ்சத்திரம் 1802இல் எழுந்தது. கடிதத்துக்கு மறு ஆண்டு!

இந்த வழக்கத்தைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்கள் உண்டு. நகரத்தார்கள் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் கிட்டங்கிகள் வைத்திருந்தார்கள். பகலில் லேவாதேவிக் கடை. இரவில் அதே கூடத்தில் பாயை விரித்தால் படுக்கையறை. தத்தம் சமூகத்தாருக்கு மட்டுமே அங்கே இடம். ஆனால் ஒரு செட்டிநாட்டு இளைஞன் கையில் ஒரு கடிதத்தோடு கப்பலேறினால் பர்மாவிலும் மலாயாவிலும் அவனுக்குப் படுக்கையும் சாப்பாடும் உறுதி. கிட்டங்கி என்ற இச்சொல்லும், மலாய்க்காரர் 'கூடாங்' என்பதும், ஆங்கிலேயர் 'கோடவுன்' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து.

நமது கதையின் முக்கியமான தெருவுக்கு இப்போது வருவோம். பினாங்கு ஜோர்ஜ் டவுனில் உள்ள சூலியாத் தெருதான் அது. 'லெபோ சூலியா' என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். இன்று உலகெங்கிலுமிருந்து முதுகில் மூட்டையோடு வரும் இளைஞர்கள் பினாங்கில் இறங்கியதும் விசாரிக்கும் தெரு. அந்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு 'சூலியா' என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயர் என்று தெரியும்? அவர்களை விடுங்கள், நம்மவர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கும்பினியின் கொடியை ஏற்றியபோது, கடாரத்தில் முன்பே குடியிருந்த சூலியாக்கள் பலர் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். எட்டாண்டு கழித்து, 1794இல், லைட் எழுதிய அறிக்கையில் இவர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். குடும்பத்தோடு கடைகள் வைத்தும் வேலை செய்தும் வாழ்பவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்கிறார். அதற்கடுத்து அவர் சொல்வதுதான் நமக்கு வேண்டியது. ஒவ்வோர் ஆண்டும் சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருகின்றன. இவர்கள் வணிகமும் எல்லாவிதமான உழைப்பும் செய்து சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்பது அவர் கூற்றின் சாரம். ஆயிரம் பேர் நிலையாகக் குடியிருந்த தெருக்களில் ஆண்டுதோறும் அதைவிடக் கூடுதலான பேர் வந்து தங்கிச் சென்றிருக்கிறார்கள்! சூலியாத் தெரு பிறந்த நாளிலேயே வழிப்போக்கரின் தெருவாகத்தான் பிறந்திருக்கிறது.

தெருவின் அமைப்பையும் கவனியுங்கள். அதன் ஒரு முனை கடற்கரைத் துறையில். மறு முனை பினாங்கு ரோட்டில். படகிலிருந்து இறங்கியவன் நேரே நடந்தால் போதும், வழி கேட்க வேண்டியதில்லை. வழியிலேயே நாகூர் ஆண்டகையின் பெயரால் அமைந்த தர்கா. கடல் கடந்தவர் நேர்த்திக்கடன் செலுத்தும் இடம். சற்று அருகே, 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். வலப்புறம் திரும்பினால் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். உணவுக்கோ, காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரிடம் விற்ற நாசி கண்டார்காரர்கள் இருந்தார்கள். காவடித் தண்டுக்கு மலாய்க்காரர் சொல்லும் 'கண்டார்' என்பதே அந்த உணவின் பெயராகிவிட்டது. படுக்க இடம், தொழ இடம், மலிவாகச் சாப்பிட இடம், வேலை தேட இடம் ஆகிய நான்கும் கால் மணி நேர நடைக்குள்!

கட்டடங்களும் இதற்கு ஏற்றவையே. அகலம் குறைந்து நீளம் மிகுந்த கடைவீடுகள். கீழே கடை, மேலே அறை. முன்னால் அஞ்சடி. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாத ஐந்தடி அகல நடைபாதை அது. மேல்மாடியைப் பலகை வைத்துத் தடுத்தால் ஒரு வீட்டில் ஐந்து அறை, பத்து அறை. பின்னாளில் சீனர்கள் இத்தெருவில் பல விடுதிகளைத் தொடங்கினார்கள். 'ரூமா தும்பாங்ஙான்' என்று எழுதியிருக்கும் அந்தப் பலகைகளை நம் நாட்டின் எல்லாப் பட்டணங்களிலும் பார்த்திருப்பீர்கள். 'தும்பாங்' என்ற மலாய்ச் சொல்லை நம் தோட்டத் தமிழரும் எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்ளச் சொல்லும்போது 'தும்பாங் கொடு' என்கிறோம்.

சரி, இத்தெருவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த கப்பலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 'ரஜூலா' என்ற பெயரைக் கேட்டால் முதியோர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஆரம்ப நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் அறை இல்லை, கட்டில் இல்லை. பாயை விரித்துத் தன் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் அந்த இடம் அவனுடையது. பினாங்கை அடைந்தாலும் உடனே ஊருக்குள் விடுவதில்லை. நோய்த்தொற்று அஞ்சிப் பூலாவ் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைப்பார்கள். அங்கே மருந்து நீரில் குளிப்பாட்டித் துணிகளை அவித்துக் கொடுத்த கதைகளைக் கேட்காத தோட்டத்துக் குடும்பம் குறைவு. தோட்டத்துக்கென்று வந்தவனைக் கங்காணி அழைத்துக்கொண்டு போய்விடுவான். கைக்காசில் வந்தவன் சூலியாத் தெருப் பக்கம் நடப்பான்.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் கப்பலேறும் உடலுழைப்புத் தொழிலாளரைத் தடை செய்தது. அதன் பின்பும் கைக்காசில் வருவோரும், ஊருக்குப் போய்த் திரும்புவோரும் ரஜூலாவை நிரப்பினார்கள். 1969க்குப் பிறகு வேலை அனுமதி பெற முடியாமற்போன குடியுரிமையற்ற தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் இதே கப்பலில் திரும்பிப் போனார்கள். இங்கே பிறந்து இங்கேயே பால்மரம் வெட்டியவர்களும் அவர்களில் உண்டு. நாகப்பட்டினத்தில் இறங்கியபோது அவர்கள்தாம் அங்கே பரதேசிகள்.

அதே ஆண்டுகளில், அதே கப்பல்களின் அதே டெக்கில், நாம் எதிர்பாராத இன்னொரு கூட்டமும் பயணம் செய்தது. நீண்ட முடியும் நைந்த சட்டையுமாக வந்த மேனாட்டு இளைஞர்கள். இஸ்தான்புல்லில் தொடங்கி, டெஹ்ரான், காபூல், டில்லி, காட்மண்டு என்று பேருந்திலும் இரயிலிலும் வந்தவர்கள் தென்கிழக்காசியாவுக்குத் தரைவழியாக வர முடியவில்லை. 1962க்குப் பின் பர்மா தன் எல்லைகளை இறுக்கமாக மூடிக்கொண்டது. விமானத்துக்குப் பணம் இல்லாதவர்க்கு எஞ்சிய வழி சென்னையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவதே. 1973இல் ரஜூலா ஓய்வு பெற்றபின் 'சிதம்பரம்' என்ற கப்பல் அந்த வழியில் ஓடியது. தஞ்சாவூருக்குத் திருமணத்துக்குப் போய்த் திரும்பும் நம் தோட்டத்து அம்மாளும், ஆஸ்திரேலியாவிலிருந்தோ டென்மார்க்கிலிருந்தோ வந்த இளைஞனும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து வங்கக் கடலைக் கடந்திருக்கிறார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்துடன் அந்தப் பயணிகள் சேவையும் முடிவுற்றது.

இந்த இளைஞர்களுக்கு மாதிரி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவைச் சற்று எட்டிப் பார்த்தால் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இருப்புப் பாதைகள் பரவியபோது, அறுவடைக்கும் மரம் வெட்டவும் பாதை போடவும் ஊர் ஊராகச் செல்லும் 'ஹோபோ' என்ற தொழிலாளர் கூட்டம் உருவாயிற்று. சரக்கு வண்டிகளில் டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொண்டு போவார்கள். சிக்காகோ அவர்களுடைய தலைநகரம்; காரணம், எல்லாப் பாதைகளும் அங்கே கூடின. நெல்ஸ் ஆண்டர்சன் என்பவர் 1923இல் வெளியிட்ட 'ஹோபோ' என்னும் ஆய்வு நூலில், சிக்காகோவில் நல்ல காலத்தில் 30,000 பேரும் கெட்ட காலத்தில் 75,000 பேரும் வீடற்ற ஆடவராக இருந்ததாக மதிப்பிடுகிறார். மேற்கு மேடிசன் தெருவில்தான் அவர்களுக்கான மலிவு விடுதிகளும், சாப்பாட்டுக் கடைகளும், வேலைக்கு ஆள் பிடிக்கும் அலுவலகங்களும் இருந்தன. சூலியாத் தெருவுக்கும் அதற்கும் அமைப்பில் எவ்வளவு ஒற்றுமை! நியூயார்க்கில் பவரி தெரு அப்படிப்பட்டது. அந்நகரிலேயே 1897இல் டேரியஸ் மில்ஸ் என்ற செல்வர் பிளீக்கர் தெருவில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சிற்றறைகளோடு ஒரு விடுதி கட்டி, இரவுக்கு இருபது காசு வாடகை வாங்கினார். தருமத்துக்கு அல்ல, சிறிது இலாபத்துக்கே அதை நடத்தினார் என்பது கவனிக்கத்தக்கது.

1967இல் சான்பிரான்சிஸ்கோவின் ஹேட் ஆஷ்பரி வட்டாரத்தில் ஹிப்பிகள் குவிந்ததற்கும் மலிவு வாடகையே அடிப்படை. அவ்வழியே விரைவுச் சாலை ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபட்டதால் பழைய பெரிய மரவீடுகளின் மதிப்புக் குறைந்து கிடந்தது. சித்தாந்தம் பேசவும் முதலில் கூரை வேண்டும் அல்லவா?

பினாங்கிலும் அதே கதைதான். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 சனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. ஜோர்ஜ் டவுனின் கடைவீடுகளில் பெரும்பாலானவை அதற்குட்பட்டவை. மேலும் 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது; வணிகம் சுருங்கிற்று; வேலையின்மை பெருகிற்று. இடிந்த சுவரும் மலிந்த வாடகையுமாகத் தெருக்கள் நின்றன. நமக்குத் துன்பமாக இருந்த அந்த மந்தம், ஊர்சுற்றிகளுக்கு வாய்ப்பாக அமைந்தது. டோனி வீலர், மௌரீன் வீலர் என்ற தம்பதியர் 1975இல் தென்கிழக்காசியாவைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒரு கையேடு வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் ஜாலான் புசார் சாலையில் ஒரு சீனர் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதிய நூல் அது. இந்த வகைக் கையேடுகள் பெருகப் பெருக, சூலியாத் தெருவின் பெயர் உலகெங்கும் பரவிற்று. சென்னையில் திருவல்லிக்கேணியும் அவ்வாறே. மாதச் சம்பளக்கார இளைஞர்களின் 'மேன்ஷன்'கள், மலிவு மெஸ்கள், பக்கத்திலேயே வாலாஜா பள்ளிவாசல், பார்த்தசாரதி கோயில் என்றிருந்த அந்த வட்டாரத்தில் வெளிநாட்டு இளைஞர்களும் அறை எடுத்தார்கள்.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மேனாட்டு இளைஞனின் வறுமை பெரும்பாலும் அவனே தேர்ந்துகொண்ட வறுமை. வீட்டுக்கு ஒரு தந்தி அடித்தால் திரும்புவதற்குப் பணம் வரும். நம் ஆள் அப்படியல்ல. 1950களிலும் 60களிலும் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, லயத்து வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். வாங்க முடியாமற்போன தோட்டங்களின் மக்கள் பட்டணங்களுக்குத்தான் நடந்தார்கள். வெள்ளைக்காரன் ஊர் சுற்றினால் பயணி. நம்மவன் அஞ்சடியில் படுத்தால் பரதேசி. நமது நாட்டில் 1977ஆம் ஆண்டின் வறியோர் சட்டப்படி, பொது இடத்தில் பிச்சையெடுப்பவரையோ, கதியற்றுத் திரிபவரையோ அதிகாரிகள் பிடித்துச் செல்லலாம். மாஜிஸ்திரேட்டின் ஆணையால் மூன்றாண்டு வரை நலன்புரி இல்லத்தில் வைத்திருக்கலாம். பாதுகாப்புக்காக என்று சட்டம் சொல்கிறது. நள்ளிரவில் மணியடித்து 'உண்ணாதவர் உண்டா' என்று கேட்டதற்கும் இதற்கும் இடையே எத்தனை தூரம்!

மலிவுத் தெருக்கள் நிலைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் கியர்னி தெருவிலிருந்த இண்டர்நேஷனல் ஹோட்டல் என்ற பழைய விடுதியில் முதிய பிலிப்பினோ, சீனத் தொழிலாளர்கள் பல்லாண்டாக வாழ்ந்து வந்தார்கள். 1977 ஆகஸ்டு 4ஆம் நாள் விடியுமுன், ஆயிரக்கணக்கான மக்கள் கைகோத்து மறித்து நின்றும், காவல் துறையினர் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டனர். அந்த மனையில் முதியோருக்கான மலிவு வீடுகள் எழ 2005 வரை ஆயிற்று.

நமது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் நீக்கம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதத்தில் வாடகை பல மடங்கு ஏறக் கண்டு, ஜோர்ஜ் டவுனின் பழைய குடிகள் பலர் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். கூடை முடைபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், பாய் விரித்து அறை விட்டவர் எல்லோருமே அதில் அடக்கம். வீட்டுக்காரர் பக்கத்து நியாயமும் இல்லாமலில்லை. ஐம்பதாண்டு பழைய வாடகையில் கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாது என்று அவர்கள் சொன்னது மெய்தான். 2008 சூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜோர்ஜ் டவுனும் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமை நகரங்களாக அறிவிக்கப்பட்டன. பெருமைதான். அதன் பின் பழைய கடைவீடுகள் பல, விலையுயர்ந்த அழகு விடுதிகளாயின. சீனர் பழைய விடுதியின் பலகைத் தடுப்பைப் பெயர்த்துவிட்டு, அதே தெருவில் ஒரு முழு மாதத் தோட்டச் சம்பளத்தைச் சில இரவுகளில் விழுங்கும் அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஆயினும் சூலியாத் தெருவிலும் அதையொட்டிய லவ் லேனிலும் அடுக்குக் கட்டில் போட்ட மலிவு விடுதிகள் இன்னும் இருக்கின்றன; இரவில் அஞ்சடி ஓரத்து மீக்கடைகளைச் சுற்றி உலகத்து மொழிகள் எல்லாம் கேட்கின்றன.

மலாக்காவின் வழிப்போக்கருக்கு வேறு வகையான இடங்கள் அமைந்தன. தம்பின் நகரிலிருந்து இங்கே வந்த இருப்புப்பாதையைச் சப்பானியர் தங்கள் சயாம் மரண இரயிலுக்காகப் பெயர்த்துக்கொண்டு போனதிலிருந்து மலாக்காவுக்கு வருபவர் பேருந்தில்தான் வரவேண்டும். கடலைத் தூர்த்து எழுந்த தாமான் மலாக்கா ராயாவின் கடைவீட்டு மாடிகளில் எண்பதுகளில் மலிவு விடுதிகள் தோன்றின. நான் இருக்கும் புக்கிட் பெருவாங்கில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பல்கலைக்கழக வளாகம் எழுந்தபின், வீடுகளைத் தடுத்து மாணவருக்கு அறை விடுவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஆயர் குரோ தொழிற்பேட்டைகளுக்கு வந்த நேப்பாளியரும் வங்காளதேசத்தவரும் வேறு சில வீடுகளில் இருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தோட்டத்தையும் சுரங்கத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2019இல் திருத்தப்பட்டு எல்லாத் தொழில்களுக்கும் விரிவாயிற்று. கூட்டு விடுதியில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது மூன்று சதுர மீட்டர் இடம் என்று அதன் விதி இப்போது அளந்து சொல்கிறது. ஒரு பாயும் ஒரு பெட்டியும் வைத்த பிறகு, நடந்துபோகச் சிறிது வழி மிஞ்சும்.